எனக்கு என்று தொடங்கும் வாக்கியம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, ஆன்றவிந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, எனக்கு மணமுறிவு என்றதும் அழைக்காமலே ஓடிவந்து புத்தி சொன்ன என் உற்றார் உறவினர்களே! அனைவருக்கும் வணக்கம்.

மணமுறிவை எதிர்கொள்ளும் பெண்களுக்கான இந்த மனநல ஆலோசனை அறையைத் திறந்துவைக்க, தையல் ஆலையில் சட்டை சரிபார்க்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். ஆலோசனைக்கு என் வீட்டில் என்ன பஞ்சம்? "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார் மாமா. "ஆம்பளைன்னா அப்படித்தான்" என்றார் சித்தி. தன் கணவரோடு நான்கு வருடமாகப் பேசாத அத்தை, "உக்காந்து பேசித் தீத்துக்கோ" என்றார். ஆகா! என்ன அறிவு, என்ன அனுபவம், என்ன அக்கறை! சிரிக்கிறீர்களா? மெதுவாகச் சிரியுங்கள், அத்தை முன்வரிசையில்தான் இருக்கிறார்.

என்னையும் விட்டுவிடாதீர்கள். நாளொன்றுக்கு முந்நூறு சட்டை பார்க்கிறேன். பொத்தான் கோணலா, தள்ளு! தையல் பிரிந்ததா, தள்ளு! மேலாளரே கெஞ்சினாலும் தள்ளியது தள்ளியதுதான். அப்பேர்ப்பட்ட வீராங்கனை, முதல் விசாரணையில் நீதிபதி "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் என்ன செய்தாள்? அழுதாள். உடனே அண்ணன் எழுந்தார். "பொண்ணக் கூட்டிக்கிட்டு புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போயிடுவா ஐயா." எவ்வளவு சுலபம் பாருங்கள்! நீதிபதி ஆறு வாரம் தள்ளிவைத்து, "அடுத்த தடவை அவங்களே பதில் சொல்லணும்" என்றார்.

எனவே இங்கே பழைய கட்டடத்தில் இருந்த ஆலோசகரிடம் வந்தேன். அண்ணனும் வந்தார். "தூக்கம் வருதாம்மா?" "நல்லாத் தூங்குறா மேடம்." "பசிக்குதா?" "வேளாவேளைக்குச் சாப்பிடுறா மேடம்." ஆலோசகர் அண்ணனை வெளியே அமர்த்திக் கதவைச் சாத்தினார். பிறகு எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் 'எனக்கு' என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, "எனக்கு டீ வேண்டாம்" என்றேன். அண்ணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா, "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்குறா?" என்றார். ஒரு டீக்கே இந்தப் புரட்சி!

ஐந்தாம் வாரம் உடைந்துபோனேன். "இன்னும் அழுகை நிக்கல மேடம். நான் தேற மாட்டேன்."

"நிக்கணும்னு யாரு சொன்னா? அழுதுக்கிட்டே சொல்லி முடிங்க."

நீதிபதிக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒத்திகை பார்த்ததில் அன்று நான்கு முறை அழுதேன். நான்கு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவைத்தார்.

விசாரணை நாள் வந்தது. நான் திரும்பி வராவிட்டால் மகளைத் தன்னிடம் தரவேண்டும் என்று கணவர் கேட்டிருந்தார்; தோற்றால் என் ஏழு வயது மகள் என்னோடு இல்லை. நீதிபதி கேட்டார். கண்ணீர் வந்தது. அண்ணன் எழுந்தார். "அண்ணா, உக்காருங்க" என்றேன்.

"ஐயா, எனக்கு அங்க திரும்பிப் போக விருப்பமில்ல. லீவு நாள்ல எங்க ரெண்டு பேரையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவாரு. ஒரு நாள் பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிக்குது. பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டு, ஜன்னல் வழியா மாத்திரை வாங்கிக் குடுத்தேன். எனக்கு என் பொண்ணு வேணும்."

மூக்கு ஒழுகியது, குரல் உடைந்தது, ஆனால் சொல்லி முடித்தேன். மகள் என்னிடமே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

வராந்தாவில் அண்ணன் வழிமறித்தார். "பூட்டிட்டுப் போனான்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா அண்ணா?"

எல்லோருக்காகவும் பதில் சொல்லும் என் அண்ணன், என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

தாய்மார்களே! கல்லாய் இரு என்கிறார்கள், இரும்பாய் இரு என்கிறார்கள். கல்லுக்கு என்ன, அதற்குக் காய்ச்சல் கண்ட மகளா இருக்கிறாள்? அழுகை வரட்டும், கை நடுங்கட்டும், கால் தடுமாறட்டும். சொல்ல வந்ததைச் சொல்லி முடியுங்கள்! அந்தத் துணிச்சலைப் பழக்கித் தரத்தான் இந்த அறை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட என் உறவினர்களுக்கும் நன்றி. அதோ, மூன்றாம் வரிசையில் அழுதுகொண்டே கையைத் தூக்கும் தங்கையே, ஏதோ கேட்க வேண்டுமா? அவருக்காக எழுந்து நிற்கும் ஐயா, நீங்கள் தயவுசெய்து உட்காருங்கள். ஒலிவாங்கியை அந்தத் தங்கையிடம் கொடுங்கள். நீ நிதானமாகச் சொல்லம்மா, நாங்கள் இருக்கிறோம். வணக்கம்!