கயிறு பிடித்தவரின் பங்கு

கூடையில் இருப்பது ஆயக்குடிக் கொய்யா, வக்கீலய்யா. என் தோட்டத்தில் காய்த்தது. கத்தி வைத்து நறுக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். அப்போதுதான் ருசி தெரியும். பீஸை முதலிலேயே மேசைமேல் வைத்துவிட்டேன். ஆகவே நான் இப்போது உங்கள் கட்சிக்காரன். கட்சிக்காரன் சொல்வதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று போன தடவை நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நம்பித்தான் வந்திருக்கிறேன்.

போன தடவை நான் பெரியகுளத்துக்கு வந்தது மாயனுக்காக. அடுக்கம் ஊருக்குக் கீழே காட்டுக்குள் இருக்கிற பளியர் குடியைச் சேர்ந்தவன். மலைப்பாறையில் தேன் எடுப்பவன். செண்பகனூரில் என் கடைக்குத் தேனும் கல்பாசியும் கொண்டுவருவான். நான் அரிசி, உப்பு, புகையிலை கொடுப்பேன். நயா பைசா வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பழக்கம். சந்தனக் கட்டையோடு ஃபாரஸ்ட் கார்டு அவனைப் பிடித்துச் சப் ஜெயிலில் அடைத்த அன்று, அவன் பெண்சாதி ஒய்யம்மாள் நனைந்த சேலையோடு என் கடை வாசலில் வந்து நின்றாள்.

“மொதலாளி, அவுகளக் கொண்டுபோயிட்டாக. எங்க போகணும், யாரக் கேக்கணும், ஒண்ணுந் தெரியல. நீங்கதான் பாக்கணும்.”

பார்த்தேன். மலையிறங்கி வந்து கோர்ட்டு வாசலில் விசாரித்தேன். முதலில் பார்த்த வக்கீல், மலைக்காட்டு ஆள் என்றதும் வாசற்படியிலேயே பேசி அனுப்பிவிட்டார். டீக்கடைக்காரர்தான் உங்கள் வீட்டைக் காட்டினார். நீங்கள் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னீர்கள். ஜாமீன் என்றால் விடுதலை இல்லை. வாய்தா அன்று வந்து நிற்பான் என்று இன்னொருவர் பொறுப்பேற்பது. அப்படி ஏற்கிறவருக்குச் சொந்த நிலம் இருக்க வேண்டும். மாயனின் ஆட்கள் அந்தக் காட்டிலேயே பிறந்து அந்தக் காட்டிலேயே சாகிறவர்கள். ஒருவன் பேரிலும் ஒரு சாண் பட்டா கிடையாது. எனக்குக் கொய்யாத் தோப்பு இருந்தது. கையெழுத்துப் போட்டேன். செண்பகனூரில் எல்லோரும் நாச்சிமுத்து மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்றார்கள்.

அந்தச் சந்தனக் கட்டையை மாயன் வெட்டியது எனக்காக. நீங்கள் ஊகித்திருக்க மாட்டீர்கள். ஜாமீன் நிற்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒய்யம்மாளுக்கு ஜாமீன் என்பது விளங்கவில்லை. நான்தான் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். தேன் எடுப்பவன் கொடிக்கயிற்றில் பாறையில் இறங்கும்போது, மேலே கயிறு பிடிக்கிற உரிமை அவன் மைத்துனனுக்கு மட்டும்தான். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது. அவன் கை தளராது. அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். மாயனுக்கு எப்போதும் பிடிப்பவன் ஒய்யம்மாளின் தம்பி ஒச்சன். “கோர்ட்டுப் பாறையில ஒம் புருசன் தொங்குறான். மேல கயிறு பிடிக்கிறது நான். அதான் ஜாமீன்” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை மொதலாளி என்றவள், “அப்ப நீங்க எனக்கு அண்ணே” என்றாள்.

மாயன் வெளியே வந்த அன்று கோர்ட்டு வராந்தாவில் நீங்கள் எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னீர்கள். யாருக்காக வெட்டினாய் என்று விசாரணையில் அவனிடம் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லிவிட்டால் தண்டனை குறையும் என்றீர்கள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னீர்கள். அப்போது நான் ஒன்று கேட்டேன். வாய்தாவுக்கு முன்னால் ஆளே செத்துப்போனால் என்ன ஆகும் என்று. “ஆள் போனா கேஸும் போச்சு, ஒம்ம பொறுப்பும் போச்சு” என்று சிரித்தீர்கள். என் தோப்புக்காகக் கவலைப்படுகிறேன் என்று எண்ணினீர்கள்.

கும்பக்கரை வழியாக மலையேறும்போது மாயனிடமே கேட்டேன்.

“ஏலே மாயா, யாருக்காக வெட்டுனேன்னு கோர்ட்டுல கேட்டா என்ன சொல்லுவ?”

“கேட்டாச் சொல்லணும்ல, மொதலாளி? இதுவரைக்கும் யாருங் கேக்கல.”

அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொல்கிறவன், கேட்காததைச் சொல்லாதவன். என் மகள் கண்மணிக்குப் பழனியில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் நிச்சயமாகியிருந்தது. கள்ளச் சந்தனம் விற்றவன் வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள். சொல்லாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாயன் கேட்டிருப்பான். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒரு நல்லவனைப் பொய் சொல்லச் சொல்வது பாவம் இல்லையா?

தேன் எடுக்கிற காலம் வந்தது. ஒருநாள் மாயன் வெள்ளனே கடைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றான். “கோர்ட்டுக் கயித்த நீங்க பிடிச்சிருக்கீக. ஒரு உசுருக்கு ரெண்டு பேர் கயிறு பிடிக்கக் கூடாது. இந்தத் தடவ பாறைக்கும் நீங்கதான் வரணும்” என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. ஆனாலும் போனேன்.

ஒச்சனுக்கு முகம் செத்துப்போயிருந்தது. பிறந்ததிலிருந்து தனக்கென்று இருந்த ஒரே உரிமை அது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் புதருக்கு அப்பால் போய் உட்கார்ந்தான்.

கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் பிடித்திருப்பார்கள். மாயன் இறங்கினான். முதல் கூடைத் தேனை மேலே அனுப்பினான். பிறகு கீழிருந்து, “மச்சான், இன்னுங் கொஞ்சம் எறக்குங்க” என்றான். கயிறு பிடிப்பவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அது அவர்கள் வழக்கம். இத்தனை வருஷத்தில் அவன் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மரத்திலிருந்து சுற்றை எடுத்தேன். அவன் கனம் முழுதும் என் கைக்கு வந்தது. எலும்பும் தோலுமான ஆள். அதிகக் கனம் இல்லை. கொஞ்ச நேரம் தாங்கினேன். அப்புறம் தாங்கவில்லை.

அழுதேன், வக்கீலய்யா. அது நடிப்பில்லை. இன்றைக்கும் தனியாக இருக்கும்போது அழுகிறேன்.

ஜாமீனில் இருந்தவன் செத்தான் என்பதால் போலீஸ் வந்தது. யார் இதற்குக் காரணம் என்று கேட்டார்கள். ஒச்சன் தலையில் அடித்துக்கொண்டு, “அது நான் பிடிக்க வேண்டிய கயிறு. ரோசப்பட்டு ஒதுங்கிப் போனேன். எங்க மச்சானக் கொன்னது நான்தான்” என்றான். அவர்களுக்குக் கடைசி வரி போதுமானதாக இருந்தது. என்னிடம், “வழக்கமா யாரு கயிறு பிடிக்கிறது?” என்று கேட்டார்கள். ஒச்சன்தான் என்றேன். அது உண்மை. வேறெதுவும் கேட்கவில்லை. ஒச்சனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நேற்று ஒய்யம்மாள் வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. ஒரு சிறு மண்கலயத்தைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தாள். மாயன் கடைசியாக மேலே அனுப்பிய கூடைத் தேன்.

“கயிறு பிடிச்சவுக பங்கு, அண்ணே. இத நாங்க திங்கக் கூடாது” என்றாள். பிறகு, “புருசனுந்தான் போயிட்டாக. தம்பியையாச்சும் மீட்டுக் குடுங்க. அவன் ஏதோ அழுகையில ஒளறிட்டான். வெரசாப் போய் அந்த வக்கீலப் பாருங்க. ஒங்களத் தவிர எனக்கு யாரு கெடக்கா?” என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கலயத்தை நான் இன்னும் திறக்கவில்லை. திறக்க முடியும் என்றும் தோன்றவில்லை.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்லிவிட்டேன். இப்போது கொஞ்சம் இலேசாக இருக்கிறது.

ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? உட்காருங்கள். கொலைக் கேஸ் என்றால் மதுரைக் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும் என்று சொல்கிறார்கள். போடுங்கள். தோப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒச்சனுக்கு ஜாமீன் நானே நிற்கிறேன். பாவம், அந்தக் குடும்பத்துக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?