ஒரு பல் குறைச்சல்

இந்த மேசை ஆடுகிறது. காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறீர்கள், அது நசுங்கிப்போய்விட்டது. ஒரு தகரத் துண்டு கிடைத்தால் அளவாக வெட்டித் தருகிறேன். சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டால் எழுதும்போதெல்லாம் தொந்தரவு.

சரி, இருக்கட்டும். நான் வந்தது வேறு விஷயமாக. என் தம்பி செத்துப்போனதைப் பற்றி இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கணக்கில் நேர்ந்த கவனக்குறைவு என்று அதில் வருகிறது. கணக்குப் போட்டது தம்பி மனைவி என்றும், அவளே அதை ஒப்புக்கொண்டாள் என்றும் வருகிறது. இரண்டும் தப்பு. அது கவனக்குறைவும் இல்லை, அவள் கணக்கும் இல்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

எங்களுடையது ஒரே ஒரு லேத், இரும்பு கடையும் இயந்திரம், நிற்கிற பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. லாரிகளைத் தூக்கும் திருகு ஜாக்கி செய்வதுதான் முக்கிய வேலை. அந்த லேத்தில் முதலில் நின்றவன் நான். கம்பியைக் கவ்விச் சுழன்றுகொண்டிருந்த சக்கில் சட்டைக் கை மாட்டி, வலது கையில் மூன்று விரல் போயிற்று. அப்பா அம்மா இல்லாமல் என் கையில் வளர்ந்த தம்பி எனக்குப் பதிலாக லேத்தில் நின்றான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கை அவனுடையது, கணக்கு என்னுடையது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எங்கள்மேல் படையெடுத்து யாரும் வரவில்லை, லாரி ரிப்பேர் ஷெட்காரர்கள்தான் வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் அஞ்சவும் இல்லை.

கணக்கு என்று எதைச் சொல்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பியில் மரை, அதாவது திருகுப் புரி, போடும்போது லேத்தின் ஓரத்தில் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று ஓட்டும். எத்தனை பல் எத்தனை பல்லை ஓட்டுகிறது என்பதைப் பொறுத்து மரை நெருக்கமாகவோ அகலமாகவோ விழும். எங்கள் லேத் பழையது, அங்குலக் கணக்கில் ஓடுவது. கேட்டு வருகிறவர்கள் மில்லிமீட்டரில் கேட்பார்கள். ஐந்து அங்குலம் சரியாக நூற்றிருபத்தேழு மில்லிமீட்டர். ஆகவே நூற்றிருபத்தேழு பல் உள்ள ஒரு கியர் இருந்தால்தான் கணக்கு அப்பழுக்கில்லாமல் வரும். அந்த எண் பிடிவாதக்கார எண். எதனாலும் வகுபடாது. அந்தக் கியர் எங்களிடம் இல்லை.

நான் அதற்கு வழி கண்டுபிடித்திருந்தேன். ஜாக்கி மரைக்கு நூற்றிருபது பல், நூற்றிருபத்தேழு பல்லை ஓட்ட வேண்டும். நான் அறுபதை வைத்து அறுபத்துமூன்றை ஓட்டினேன். அறுபத்துமூன்றை இரட்டித்தால் நூற்றிருபத்தாறு. ஒரு பல் குறைச்சல், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு ஒரு மயிரிழை கூடப் பிசகாது. திருகையும் அதே கணக்கில் வெட்டுவோம், நட்டையும் அதே கணக்கில் வெட்டுவோம். இரண்டும் ஒரே பொய்யைச் சொன்னால் அவற்றுக்குள் சண்டை வராது. எங்கள் ஜாக்கி ஒன்றுகூட லாரியைக் கீழே விட்டதில்லை.

ஊரில் எனக்குக் கணக்கண்ணன் என்று பெயர். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை. பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். புது ஜாக்கி முதல்முறை பாரம் தூக்கும்போது, அதற்குக் கணக்குப் போட்டவன் லாரிக்குக் கீழே படுத்துப் போக வேண்டும். உள்ளே போய் அச்சில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டிவிட்டு வெளியே வர வேண்டும். அந்த மூன்று தட்டைக் கேட்டுத்தான் ஷெட்காரர்கள் ஜாக்கியை வண்டியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் போனேன். தம்பி வெளியே நின்று, “போதும்ணே, வாங்க, வாங்க” என்று பதறுவான். எனக்கு அது பிடிக்கும்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பெண்ணைப் பார்த்ததும் நான்தான், பேசி முடித்ததும் நான்தான். நல்ல பெண் என்பதை இங்கேயும் சொல்கிறேன். எனக்கு அவள்மேல் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். வலது கையால் எனக்குப் பிசைய வராது என்று கவனித்து, கேட்காமலே ஸ்பூன் கொண்டுவந்து வைத்தாள்.

ஒருநாள் ஒரு ஷெட்காரர் எங்கள் ஜாக்கியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நட் தேய்ந்து, வேறு பட்டறையில் புது நட் போட்டிருக்கிறார். அது எங்கள் திருகில் பாதி ஏறி இறுகிக்கொண்டது. நான் அந்தப் பட்டறைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கதவோரம் நின்றவள், திருகைக் கையில் வாங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

“மாமா, தப்பு அவங்க நட்ல இல்ல. நம்ம திருகு ஒரு சுத்துக்கு ஒரு துளி அகலம். சின்ன நட்டுல தெரியாது. ஜாக்கி நட்டு நீளம், பத்து மரை ஏறுறதுக்குள்ள அரை மில்லிமீட்டர் சேர்ந்துடுது.”

ஷெட்காரர் சிரித்தார். “யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க கணக்கண்ணே” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தம்பியும் சிரித்தான். “அண்ணே, வீட்டுக்குள்ளயே ஒரு கணக்குப் புலி இருந்திருக்கு, நமக்குத் தெரியல பாருங்க” என்றான். நானும் சிரித்தேன். எங்கே சிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் என்னைக் கணக்குக் கேட்கவில்லை. திட்டம் போட்டு நிறுத்தினான் என்று சொல்லமாட்டேன். வாய் நிறைய அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிட்டான். கதவுப் பக்கம் திரும்பி, “ஏம்மா, இதுக்கு எத்தன பல்லு?” என்பான். பதில் உள்ளேயிருந்து வரும். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வேலையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குத் தெரியாது. ஷெட்காரர்கள்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “தங்கச்சி இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நூற்றிருபத்தேழு பல் கியரை நாமே வெட்டிவிடலாம் என்றாள். வகுபடாத எண்ணுக்கு வட்டத்தை எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டேன். “வட்டத்தப் பிரிக்க வேணாம் மாமா, நேர்கோட்டப் பிரிச்சா போதும்” என்றாள். நீளமான இரும்புப் பட்டை ஒன்றில் சம இடைவெளியில் நூற்றிருபத்தேழு துளை போட்டு, அதை ஒரு மரவட்டில் சுற்றி லேத்தின் பின்பக்கம் மாட்டினார்கள். ஒவ்வொரு துளையிலும் முள்ளை நிறுத்தி ஒவ்வொரு பல்லாக வெட்டினார்கள். நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

முதல் கியர் பிசகியது. பட்டையின் இரண்டு முனையும் சேருமிடத்தில் ஒரு துளை இன்னொன்றின்மேல் ஏறிவிட்டது. எண்ணிப் பார்த்தால் நூற்றிருபத்தாறு. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தம்பி அதற்குப் பொக்கை என்று பெயர் வைத்து ஜன்னலோர ஆணியில் மாட்டினான். அடுத்தது சரியாக வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நல்ல கியரின் முகத்தில் அவள் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தாள். சாக்பீஸ் கோடு துடைத்தால் போகும், போட்டால் வரும்.

பொக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நூற்றிருபது, நூற்றிருபத்தாறை ஓட்டினால் அது அறுபது அறுபத்துமூன்றை ஓட்டுவதுதான். தூக்கிப்போட்ட என் கணக்கு எனக்கு எதிரிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதுக் கியரில் செய்கிற முதல் ஜாக்கிக்கு அந்த ஷெட்காரரே ஆர்டர் கொடுத்தார். தம்பியும் அவளும் மத்தியானம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் இரண்டு கியரையும் இடம் மாற்றி மாட்டினேன். ஒன்றில் கோட்டைத் துடைத்து, மற்றொன்றில் போட்டேன். இடது கையால் போட்டதால் கோடு கொஞ்சம் கோணல். அவள் அதைக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

ஜாக்கி நன்றாக வேலை செய்யும், லாரியைத் தூக்கும், அப்புறம் பல்லை எண்ணிக் காட்டி, பாருங்கள், இதுவும் என் கணக்குதான் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கேட்க நினைப்பது புரிகிறது. திருகும் நட்டும் ஒரே கணக்கில் இருந்தால் ஜாக்கி விழாதே என்கிறீர்கள். சரிதான். விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள். நட்டைத் தம்பி அன்று காலையிலேயே நல்ல கியரில் வெட்டி முடித்திருந்தான். நான் மாற்றியது நட்டுக்குப் பிறகு, திருகுக்கு முன்னால். வேண்டுமென்றேதான்.

அப்படிச் செய்தால் நட்டின் பத்து மரையும் பாரத்தைத் தாங்காது. ஓரத்தில் இருக்கும் ஒரு மரை மட்டும் லாரி முழுவதையும் தாங்கும். நட் வார்ப்பு இரும்பு. அது வளையாது, உடையும். ஒன்று போனால் அடுத்தது, அதற்கடுத்தது.

கிரீஸ் தங்குவதற்காக நட்டைக் கொஞ்சம் தளர்வாக விடுவது எங்கள் பழக்கம். அந்தத் தளர்வில் பிசகு மறைந்துவிட்டது. மறைந்தாலும் தம்பியின் கை சாதாரணக் கை இல்லை.

“கடைசியில கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கே” என்றான்.

“புதுசுதானே. கிரீஸ் போடு, ஓட ஓடச் சரியாயிடும்” என்றேன்.

கிரீஸ் போட்டான். நான் சொன்னதை அவன் தட்டியதே இல்லை.

வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கணக்குப் போட்டவர் கீழே போக வேண்டும். அது அவளுக்காக வைத்த வழக்கம் இல்லை, நான் எனக்கே வைத்துக்கொண்டது. இப்போது கணக்கு அவளுடையது. எல்லாம் வேண்டும், அந்த ஒரு நிமிஷம் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? பெயர் வேண்டுமென்றால் பாரத்துக்குக் கீழேயும் படுக்க வேண்டும். இதில் அநியாயம் என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவளும் பின்வாங்கவில்லை. மூட்டை ஏற்றிய லாரியின் பின்பக்கத்தை ஜாக்கி தூக்கி நிறுத்தியதும், ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறை முற்றத்துக்கு வந்தாள். தம்பி அதைப் பிடுங்கினான்.

“நீ இரு. மரை போட்டது நான், நான் போறேன்.”

“கணக்கு என்னோடது. நான்தான் போகணும். மாமா வச்ச வழக்கம் அது.”

“மூட்டைக்கடியில பொண்டாட்டிய அனுப்பிட்டு நான் வேடிக்கை பார்க்கணுமா? நல்லாருக்கு கதை.”

ஷெட்காரர் சிரித்தார். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் இழுபறி செய்தார்கள். கடைசியில் தம்பி என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. யார் போகணும்?”

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்குக் கணக்குத் தெரியாது. சின்ன வயதில் நான் சோறு ஊட்டியபோது பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடவில்லை என்று சொல்லமாட்டேன். ஆடியது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

யாரும் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பொக்கையை எடுத்துக் காட்ட வேண்டும். ஷெட்காரருக்கு எதிரில், தங்கச்சி கணக்கு சரி, கணக்கண்ணன் திருடன் என்று ஆகிவிடும். அவள் போகட்டும் என்று சொன்னால், பின்னால் யாராவது நான்தான் அனுப்பினேன் என்று பேசுவார்கள். இவ்வளவையும் யோசிக்க நேரம் இருந்தது. நான் அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை.

“உங்க இஷ்டம்” என்றேன்.

அவன் பலகையில் மல்லாந்து படுத்துக் கீழே நகர்ந்தான். ஒரு தட்டு கேட்டது. இன்னொரு தட்டு கேட்டது.

எல்லோரும் லாரியைத் தூக்க ஓடினார்கள். மூன்று விரல் இல்லாதவன் அங்கே என்ன செய்ய முடியும்? நான் பட்டறைக்குள் போய்ப் பொக்கையைக் கழற்றி, அதன் கோட்டைத் துடைத்து, ஜன்னலோர ஆணியில் மாட்டினேன். நல்ல கியரை லேத்தில் மாட்டி, கோட்டை நேராகப் போட்டேன். அவள் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. தம்பிக்காக நான் அழுதது பொய் இல்லை. அவனை வளர்த்தவன் நான்.

இந்தப் பையில் இருப்பது பொக்கைதான். எண்ணிப் பாருங்கள். பல்லில் ஒட்டியிருப்பது அந்தத் திருகை வெட்டிய அன்றைய எண்ணெய். நீங்கள் அளந்து பார்த்த திருகோடு இது அச்சாகப் பொருந்தும். நான் நினைத்த அளவு, நினைத்த இடத்தில், நினைத்த மரை உடைந்தது. இதைக் கவனக்குறைவு என்று எழுதினால் எப்படி? அதையும் அவள் பெயரில் எழுதினால் என்ன நியாயம்?

அவள் இப்போது என் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பட்டறைத் தரையில் சாக்பீஸால் அந்தக் கணக்கைப் போடுகிறாள். சரியாக வருகிறது. அழித்துவிட்டு மறுபடி போடுகிறாள். மறுபடியும் சரியாக வருகிறது. கியரின் பல்லை விரல் வைத்து எண்ணுகிறாள், நூற்றிருபத்தேழு. எங்கே பிசகினேன், எங்கே பிசகினேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். சாப்பிடுவதில்லை. எனக்கு மட்டும் வேளை தவறாமல் தட்டு வைத்து, பக்கத்தில் ஸ்பூனும் வைக்கிறாள்.

பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. கணக்கு என்றால் நான் ஒருவன் அந்த வீட்டில் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவேன். இன்றுவரை அவள் என்னைக் கேட்கவில்லை.