விளக்கணைந்த பின் வந்தவர்

நான் எப்போது முடிப்பேன் என்ற கவலையை முகத்தில் காட்டாமல் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் நம் நாடக மன்றத் தலைவர், பல் மருத்துவர் அம்மையார் அவர்களே. மன்றத்தை மடியில் வைத்து வளர்த்த மூத்தோர்களே. வீட்டு வேலையை முடித்து விரைந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே. ஒப்பனை அறையிலிருந்து காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் நடிகத் தோழர்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நல்லவர்களே! உங்கள் அனைவருக்கும் மன்றத்தின் செயலாளனாகிய என் பணிவான வணக்கம்.

மேடை ஏறுகிறவர்கள் தெளிவோடு ஏறுவார்கள். நான் குழப்பத்தோடு ஏறியிருக்கிறேன். இன்று காலை கண்ணாடி முன் நின்று இந்தப் பேச்சை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றும் மூன்று இடத்தில் போய் முட்டிக்கொண்டன. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுதோறும் நமக்கு நன்கொடை தந்துவந்த நாற்பத்து மூன்று பேர் சில ஆண்டுகளாகத் தருவதில்லை. சண்டையில்லை, சச்சரவில்லை, கடிதமில்லை, காரணமில்லை. நாடகம் பிடிக்கவில்லையா? நடிப்பு பிடிக்கவில்லையா? அல்லது நம்மையே பிடிக்கவில்லையா?

“நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார் தலைவர்.

“போய் என்னன்னு கேக்குறது?”

“அத நீங்களே யோசிங்க.”

ஆமாம் அம்மா, அப்படித்தான் சொன்னீர்கள். தலையாட்டி மறுக்க வேண்டாம்.

பட்டியலில் முதல் ஆள், பேருந்து நிலையத்துக்கு எதிரே கடிகாரம் பழுது பார்ப்பவர். பதினோரு ஆண்டுகள் தவறாமல் தந்தவர். கண்ணில் லென்ஸ், கையில் இடுக்கி, மேசையில் வயிறு திறந்து கிடந்த கைக்கடிகாரம். கலையென்றும் காவலென்றும் கடமையென்றும் நான் மனப்பாடம் செய்திருந்த நன்றியுரையைப் பொழிந்தேன். பாதியில் நிறுத்தினார்.

“கதவச் சாத்திட்டீங்க. இப்ப எதுக்கு வந்து நிக்கிறீங்க?”

எந்தக் கதவு? எப்போது சாத்தினோம்? யார் சாத்தியது? ஒன்றும் புரியவில்லை.

“என்ன கதவுங்க?”

“தெரியலன்னா விடுங்க.” லென்ஸ் மீண்டும் கண்ணுக்கு ஏறியது.

இரண்டாவது ஆள் அச்சகத்தில் பிழை திருத்துபவர். நம் மேடையில் அரச வேடம் கட்டி அசத்தியதால் நாமெல்லாம் ‘ராஜா’ என்றே அழைத்தோமே, அவர்தான். நன்கொடையையும் நிறுத்தினார், நடிப்பையும் நிறுத்தினார். மை உலராத தாள்களை ஒதுக்கிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

“ஏன் ராஜா இப்பல்லாம் வர்றதில்ல?”

“பாக்குறவர் வர்றதில்லண்ணே. அதான்.”

“யாரு?”

“எங்கண்ணன். கடிகாரக் கடை.”

எனக்குத் தலை சுற்றியது. இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதே அன்றுதான் தெரியும். தந்தையின் கடையில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களாம். தம்பி நடிக்கக் கிளம்பியபோது, “வேஷம் கட்டுறவனுக்கு இங்க ஸ்டூல் கிடையாது” என்றாராம் அண்ணன். தம்பி எழுந்து போனார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

“ஆனா என் மொத நாடகத்துலேருந்து வந்துட்டுதான் இருந்தாருண்ணே. வெளக்க அணைச்சப்பறம் வந்து கடைசி வரிசையில உக்காருவாரு. முடியறதுக்கு முன்னாடி போயிடுவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அவர் தொண்டையக் கனைக்கிறது எனக்குத் தெரியாதா? திடீர்னு அந்தச் சத்தம் நின்னுபோச்சு. ஒடம்புக்கு என்னமோன்னு பயந்து, கடைக்கு எதிர்ல நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்தாரு. அப்ப என் நடிப்புதான் வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன். அவருக்கே பிடிக்கலன்னா நான் யாருக்கு நடிக்கிறது?” என்றவர், “இத அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. கூச்சப்படுவாரு” என்றும் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். நின்றவனுக்கு உறைத்தது. “நாடகம் தொடங்கிய பின் எவருக்கும் அனுமதி இல்லை.” இந்த விதியை முன்மொழிந்தவன் யார்? ஒழுங்கென்றும் ஒழுக்கமென்றும் இதே மேடையில் இருபது நிமிடம் முழங்கியவன் யார்? நான்தான். கைதட்டியவர்கள் யார்? அதை இப்போது கேட்க மாட்டேன். ஒப்பனை அறையில் இருந்த ராஜாவுக்கு இந்த வாசல் விதி எட்டவே இல்லை. விளக்கணைந்த பின் மட்டுமே வரக்கூடிய ஒரு மனிதரை, விளக்கணைந்த பின் வராதே என்று விரட்டிவிட்டேன்.

சொன்னால் தம்பிக்குத் துரோகம். சொல்லாவிட்டால் இருவருக்கும் துரோகம். எது சரி? மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். நான்காம் நாள் கடிகாரக் கடைக்குப் போய், “நாடகம் தொடங்கினப்பறம் உள்ள விடமாட்டோம்னமே, அந்தக் கதவா?” என்று கேட்டேன்.

“மூணு நாடகத்துக்கு வந்தேன் சார். மூணு தடவையும் வாசல்ல நிறுத்திட்டாங்க. செயலாளர் உத்தரவுன்னாங்க.”

“அந்தச் செயலாளர் நான்தாங்க.”

“தெரியும்.”

“நீங்க வர்றது உங்க தம்பிக்கும் தெரியும். மொத நாள்லேருந்தே.”

அவர் கையிலிருந்த திருகாணி நழுவி விழுந்தது. எள்ளளவு திருகாணி. இருவரும் மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினோம். அங்கே குனிந்தபடியே மெல்லக் கேட்டார்: “எப்படித் தெரியுமாம்?”

“நீங்க கனைக்கிறத வச்சு.”

திருகாணி கிடைக்கவில்லை. எழுந்தார், நட்டநடுப் பகலில் கடையைப் பூட்டினார், அச்சகத்தை நோக்கி நடந்தார். நானும் போகலாமா, கூடாதா? தெரியாமல் பத்தடி பின்னால் போனேன்.

தம்பி பார்த்ததும் எழுந்து நின்றார்.

“ஏன்டா நடிக்கிறத விட்ட?”

“நீங்க ஏன் வரல?”

“உள்ள விடல.”

“யாரு?”

இருவரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே. அந்தப் பார்வை உங்கள் மீது விழுந்திருந்தால் சிரிப்பு வராது. நான் வெளியே வந்துவிட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அரை மணி கழித்து அண்ணன் வந்தார், கண் சிவந்திருந்தது. “அடுத்த நாடகத்துல அவன் நடிக்கிறான். எனக்கு முன்வரிசையெல்லாம் போட்டுடாதீங்க” என்றார். இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். “என்னை எந்திரிச்சு நிக்கச் சொல்லக்கூடாது” என்றார். ஆகவே அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று யாரும் தேட வேண்டாம்.

பெரியோர்களே, நன்கொடையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போன காரியம் முடிந்ததா, முடியவில்லையா? அறிக்கையில் என்ன எழுதுவது? இன்னும் குழப்பம்தான். ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. தராமல் நின்றுவிட்டவர்கள் என்று நாம் பட்டியல் போட்டோம். நாம் நிறுத்தியவர்கள் என்று தலைப்பை மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் நாற்பத்தொரு வாசலுக்கும் போவேன். நன்றியுரை கொண்டு போக மாட்டேன். “நாங்க என்ன செஞ்சோம்?” என்ற கேள்வியைக் கொண்டு போவேன். வசை கிடைக்கலாம், வாழ்த்துக் கிடைக்கலாம். வாய் திறக்காமல் கேட்டுக்கொள்வேன்.

இப்போது, நான் கொண்டுவந்த விதியை நானே நீக்க முன்மொழிகிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். போதும், போதும், இரண்டு கையும் வேண்டாம் அம்மா, ஒன்று போதும்.

மூன்றாவது ஆள், மருந்துக் கடைக்கு மாடியில் இருக்கும் தையல்கார அக்கா. நாளை காலை பத்து மணிக்குப் போகிறேன். துணைக்கு இருவர் வந்தால் தைரியமாக இருக்கும். தவறு செய்தவனின் தடுமாற்றத்தைப் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.