அசையாத கட்டில்

மோர்னிங்சைட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் ஒரு வயதான தம்பதி.

"கட்டில் அசையாட்டி எனக்கு நித்திரை வருகுதில்லையப்பா," என்றார் மனைவி.

"ஒரு வருசம் வான் வண்டிக்குள்ள படுத்த பழக்கம். சரிவரும்."

"சிலி வரைக்கும் ஓடிப் போனமே! ஒவ்வொரு எல்லையிலயும் கண்ணூறு படாமல் வான் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சம். பெருவில பொலிஸ்காரன் எடுத்து மணந்து பாத்தவனெல்லே?"

"தேசிக்காய் இருக்கு, பிழிய மீன் எங்கையெண்டு கேட்டவன்."

இருவரும் யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தார்கள்.

"நாளைக்கு வானை விக்காதேங்கோ."

அவர் இறங்குவதற்காக மணிக்கயிற்றுக்குக் கையை நீட்டினார். மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்க வேண்டிய பஸ் தரிப்பைத் தவறவிடுகிறார்களே என்று நான்தான் வெளியே எட்டிப் பார்த்தேன். தரிப்பு மெல்லப் பின்னால் போய்விட்டது.

"வானை வாங்க வாறவனை வரவேண்டாமெண்டு சொல்லுறன்," என்றார் அவர். "இந்தமுறை அலாஸ்காப் பக்கம் போவமோ?"