மூன்றாவது தட்டு

1918ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் திகதி திங்கட்கிழமை, பதுளையில், மரண விசாரணை அதிகாரி முன்னிலையில் அழகையா என்பவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயர் அழகையா. தகப்பன் சின்னக்கருப்பன், காலமாகிவிட்டார். வயது எழுபது இருக்கலாம். கோப்பிச் செடியில் இலை நோய் விழுந்த வருஷம் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. வசிப்பது கடைவீதிக்குப் பின்னால், இத்ரூஸ் முதலாளியின் பதினான்கு அறை வரிசையில் ஆறாவது அறை, தனியாக. முன்பு பண்டாரவளை ரோட்டில் மாட்டு வண்டி ஓட்டினேன், இப்போது கடைகளில் சாக்குத் தைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஏழாவது அறையில் இருந்த ரெங்கம்மாவை உயிரோடு உள்ளே வைத்து அடைத்ததாகத் துப்புரவுக் கங்காணி முருகையாவைக் காவலில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

எங்கள் வரிசையில் அறைக்கும் அறைக்கும் நடுவில் கம்பு கட்டி மண் பூசிய சுவர்தான். குழாய் ஒன்று, கக்கூஸ் ஒன்று. யார் வீட்டில் அரிசி இருக்கிறது, யார் வீட்டில் வெறும் தண்ணீர் கொதிக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். தீப்பெட்டி எல்லோரிடமும் இராது. நெருப்பு வேண்டியவர் பக்கத்துச் சுவரை மூன்று தரம் தட்டுவார், அடுப்பு எரிகிறவர் சிரட்டையில் தணல் எடுத்துக்கொண்டு போவார். ரெங்கம்மாவுக்குப் பதினோரு வருஷமாகத் தணல் கொடுத்திருக்கிறேன். "நெருப்ப மட்டும் குடுங்க மாமா, இருமல நீங்களே வச்சுக்கோங்க" என்பாள்.

ஐப்பசியில் காய்ச்சல் வந்து வரிசையில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு செத்தவர்களும் நெருப்புக் கேட்டுத் தட்டுகிறார்கள் என்று பேச்சு வந்தது. செத்தவர் இரண்டு தரம்தான் தட்டுவார், மூன்றாவது தட்டு தட்ட அவரால் ஆகாது, அதற்கு முன்னால் பதில் கொடுத்தால் நம்மோடு கூடவே வந்துவிடுவார் என்றார்கள். அதற்குப் பிறகு மூன்றும் கேட்காமல் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. நானும் அப்படித்தான்.

போன செவ்வாய்க்கிழமை ரெங்கம்மாவின் புருஷன் மாடசாமி இறந்தான். புதன்கிழமை அடக்கம் ஆனது. அதன் பிறகு ரெங்கம்மா ஒரு துணி மூட்டையோடு தெமோதரையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு நடந்து போவதை என் கண்ணால் பார்த்தேன். ஹாலிஎல தாண்டும் முன்பே காய்ச்சல் ஏறித் திரும்பிவிட்டாள் என்பதும், நான் கடையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த நேரம் அறைக்குள் வந்து படுத்தாள் என்பதும் வழியில் அவளைக் கண்டவர்கள் சொல்லிப் பின்னால்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் நான் அறையில் இருந்தேன். ஏழாவது அறைப் பக்கத்துச் சுவரில் ஒரு தட்டுக் கேட்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டேன். மாடசாமி என்று நினைத்தேன். என் உள்ளங்கையைச் சுவரில் வைத்து மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். மண் சில்லென்று இருந்தது. மூன்றாவது தட்டு வரவில்லை. அடுப்பில் தணல் இருந்தது.

அதன் பிறகு அரை மணி நேரம் கழித்து முருகையா, சாவு விழுந்த அறைகளுக்குக் கந்தகப் புகை போட இரண்டு ஆட்களோடு வந்தார். ஏழாவது அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் திறந்து, உள்ளே போகத் தலையைக் குனிந்தவர், நான் என் அறை வாசலில் நிற்பதைக் கண்டு, "பெருசு, உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டார். நான் என் அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். "காது கேக்குதா, இல்ல அதையும் முதலாளி வாடகைக்கு விட்டுட்டாரா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நான், "யாரும் இல்லீங்க, அந்தப் புள்ள தெமோதரைக்குப் போயிருச்சு" என்று சொன்னேன்.

என் வார்த்தையை நம்பித்தான் அவர் உள்ளே போகவில்லை. கந்தகச் சட்டியை வாசல்படிக்கு உள்ளே வைத்துப் பற்றவைத்தார், கதவைச் சாத்தினார், ஆட்கள் இடுக்கெல்லாம் களிமண் பூசினார்கள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. படுக்கை சாக்குத் திரைக்குப் பின்னால், என் சுவரை ஒட்டி. மறுநாள் காலையில் திறந்தபோது அவள் அங்கே செத்துக் கிடந்தாள். வலது கை மடங்கியிருந்தது, விரல் முட்டியில் சுவர் மண் ஒட்டியிருந்தது. காய்ச்சலா புகையா என்று டாக்டர் ஐயாவுக்குச் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது. உச்சிப் பொழுதில் உயிர் இருந்தது என்பது தெரியும்.

தட்டுச் சத்தத்தை முருகையாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. ஆட்கள் முன்னால் பேய்க் கதை சொல்ல வெட்கப்பட்டேன். சொல்லியிருந்தால் அவர் திரையை விலக்கிப் பார்த்திருப்பார். அவர் பேய்க்குப் பயப்படுகிறவர் அல்ல. அவருக்கு நான் உறவுமில்லை, ஒரே ஊருமில்லை. அவரைத் தப்பவைக்க யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்வளவும் நான் கண்டதும் செய்ததுமாகும், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தட்டுச் சத்தம் பற்றிய இடத்தில் இரண்டு தரமும் "கேட்டது போல் இருந்தது" என்று எழுதப்பட்டிருந்தது. "போல இல்லீங்க ஐயா, கேட்டேன்" என்று நான் சொன்னதன் பேரில் அந்தச் சொற்கள் அடிக்கப்பட்டு, "கேட்டேன்" என்று திருத்தி எழுதப்பட்டது. திருத்திய இரண்டு இடத்திலும் கடைசியிலும் என் இடது பெருவிரலை வைத்திருக்கிறேன்.

அழகையா, கைநாட்டு.