எங்கூட்டுக்கு மட்டும் பச்சை

பச்சைங்க! ஊரே செவப்பாக் கெடக்குது, எங்கூட்டுக்கு மட்டும் பச்சை! இந்த அநியாயம் எங்கயாச்சும் உண்டுங்களா? நீங்க குடத்த எறக்கி வைங்க அம்மணி, எத்தன நேரம் இடுப்புலயே வெச்சுட்டு நிப்பீங்க…

புதுசா குடி வந்துருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது. அக்கட்டால மூடிக் கெடக்குதே சாயப்பட்டறை… அவன் கொட்டிப்போட்டுப் போன கழிவு கெணத்துக்கெல்லாம் எறங்கிப்போச்சுங்க. காலேஜுப் புள்ளைங்க வந்து ஊடு ஊடாத் தண்ணி புடிச்சுட்டுப் போயி, போன்ல மேப்பு போட்டாங்க. கெட்ட தண்ணின்னா செவப்புப் புள்ளி, நல்ல தண்ணின்னா பச்சை. செவப்புக்கு மட்டுந்தான் டேங்கர் லாரியாமா! லாரிக்காரன் பக்கத்தூட்டு சூசைமேரிக்கு ஊத்தறான். எங்க வாசல்ல வந்தா போனப் பாக்கறான், ஆரன் அடிச்சுட்டுப் போயிர்றான். நான் நிறுத்தச் சொல்லிக் கையக் காட்டுனா, அவனும் டாட்டா காட்டறானுங்க!

இதுல எங்கூட்டுக்காரரு வேற, "நம்முளுது ஒண்ணுதான் பச்சை"ன்னு டீக்கடையில பெருமை பேசிப்போட்டு வாராரு. எம்பொண்ணு கனிஷ்கா இந்தத் தண்ணியில குளிச்சு, கையெல்லாம் செதில் செதிலா உரியுதுங்க. சொறிஞ்சு சொறிஞ்சு அழுகறா. பாத்தா வவுறு எரியுது. டாக்டரம்மாகிட்டப் போனா அவங்களும் மேப்பப் பாத்துட்டு, "பச்சையாச்சே, தண்ணியா இருக்காது, சோப்ப மாத்துங்க"ங்கறாங்க. இன்னும் எத்தன சோப்புங்க மாத்தறது?

மேப்பு தப்புன்னு சண்டைக்குப் போகவும் முடியாதுங்க… ஏன்னா… ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. தண்ணி புடிக்க வந்த சைத்ராப் புள்ள, வேகாத வெயில்ல நின்னு, "அக்கா, கொஞ்சம் கெணத்துத் தண்ணி"ன்னு பாட்டில நீட்டுச்சு. ஊடு தேடி வந்த புள்ளைக்கு அந்த நாத்தத் தண்ணியக் குடுக்க மனசு வருமுங்களா? குடிக்கத்தான் கேக்குதுன்னு நெனச்சு, கேன் தண்ணிய ரொப்பிக் குடுத்துப்போட்டேன். அது ஒரு வாய் குடிக்கல! மூடியத் திருகி, சீட்டு ஒட்டி, பைக்குள்ள வெச்சுருச்சு. அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?

அட, ஏனுங்க வெறுங்குடத்தக் கவுக்கறீங்க? பச்சைன்னு நம்பித்தான் வந்தீங்களா? தண்ணி கேட்டு வந்தவங்கள இல்லைன்னு அனுப்பக் கூச்சமாப் போச்சுங்க… அதான் இத்தன நேரமும் பேசீட்டே இருந்தேன்.

போன எதுக்குங்க எடுக்கறீங்க? மேப்புல இருக்கற காலேஜுப் புள்ளைங்க நெம்பருக்கா? சரி, கூப்புடுங்க. எம்பொண்ணு கையாச்சும் ஆறட்டும். சைத்ராவையே வரச் சொல்லுங்க… மோரு நான் குடுக்கறேன், தண்ணிய அந்தப் புள்ளையே மோந்துக்கட்டும்!