முதல் தீ சுற்றியவனுக்கு

நல்ல சுருட்டின் சாம்பல் அவசரப்பட்டு விழாது, முதலாளி. இரண்டு விரற்கடை நீளம் வரை அப்படியே நிற்கும். நிறம் வெள்ளைக்குக் கிட்டவாக இருக்கும். நெருப்பின் விளிம்பு சுற்றிவர ஒரே கோட்டில், கத்தியால் நறுக்கியது போலப் பின்வாங்கும். உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இத்தனை சோதனைச் சாவடி தாண்டிக் கொழும்பிலிருந்து வந்து நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. முதல் சுருட்டு அவ்வளவு திறமாக எரிந்ததே, பிறகு வந்தவை ஏன் கெட்டன? எட்டு வருடத்துக்கு முன் இதை ஹாஜியாரிடம் கேட்டீர்கள். அவற்றைச் சுற்றிய றஸாக்கிடம் கேட்டீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டதால் சொல்கிறேன். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள்.

ஜவுபர் ஹாஜியாரின் சுருட்டுக் கொட்டில் சந்தைக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் ஆறு பேர் சுற்றினோம். வயல்காரர்களும் கடற்காரர்களும் பத்திப் புகைக்கிற சாதாரணச் சுருட்டுத்தான். அதில் பதினாறு வருடம் என் கைக்குத்தான் மதிப்பு. வீரமுனையிலிருந்து வேலப்போடி என்று ஒரு வயல்காரர் வண்டி கட்டி வருவார். "ஸலாஹுதீன்ட கட்டு இருந்தாத் தா, இல்லாட்டி நான் வெத்திலையோட இருந்திடுறன்" என்பார். யன்னலோரம் இருந்த வெளிச்சமான இடம் என்னுடையது.

எழுபத்தெட்டுப் புயலில் மருதமுனையில் பல தறிகள் போயின. றஸாக்கின் தறியும் போனது. வேலை கேட்டு வந்தவனை ஹாஜியார் என் பக்கத்தில் இருத்தினார். பத்து நாளில் பழகிவிட்டான். நூலின் இழுப்பு அறிந்த விரல்கள் அவை. இலை எவ்வளவு தாங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. நல்ல பிள்ளை. அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

வந்த முதல் மாதமே என்னிடம் ஒரு விசயம் சொன்னான். பத்தொன்பது வயதில் நெஞ்சுக் காசம் வந்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். புகையை நெஞ்சுக்குள் விடவே கூடாது என்று டாக்குத்தர் சொல்லி அனுப்பினாராம். "ஆருக்கும் சொல்லிராதீங்க காக்கா, ஹாஜியார் வேலையால நிப்பாட்டிருவார்" என்றான். நான் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். வெளிநாட்டுக்காரருக்கு ஹோட்டல்களில் விற்கத் தடித்த சுருட்டு வேண்டும் என்றீர்கள். ஆறு பேரும் ஆளுக்கு நாலு சுற்றித் தந்தோம். கதிரையில் சாய்ந்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தீர்கள். என்னுடையதைப் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதில் பிழை ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். றஸாக்கினுடையதை விரல் சுடும் வரை பத்தினீர்கள். "இது யார்ட கை?" என்று கேட்டீர்கள்.

பதினாறு வருடத்தில் என் கை யாருடையது என்று கொழும்பிலிருந்து வந்த எவரும் கேட்டதில்லை.

அடுத்த முறை வரும்போது கடதாசி மோதிரங்கள் அச்சடித்துக் கொண்டு வந்தீர்கள். சிவப்பில் பொன் எழுத்து. சுருட்டின் இடுப்பில் றஸாக்கின் பெயர். இப்போது மேசையில் வைத்திருக்கிறீர்களே, இதே பெட்டி. நிறம் மங்கவே இல்லை.

யன்னலோர இடம் அவனுக்குப் போனது. என்னை ஹாஜியார் இலை அறைக்கு மாற்றினார். "இலை தெரிஞ்சவன் நீதான், உள்ளுக்கு நீ இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஓம் என்றேன்.

பொறாமை என்று நினைப்பீர்கள். நானும் சில நாள் அப்படி நினைத்துக் கவலைப்பட்டேன். பிறகு ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன். நேற்று வந்த ஒருவனின் பெயரில் ஒரு கொட்டிலின் மானம் நிற்கலாமா என்பதுதான் என் கவலை. அது பொறாமை ஆகாது.

எங்கள் கொட்டிலில் ஒரு சட்டம் உண்டு. முதல் தீ சுற்றியவனுக்கு. கட்டு ஒன்றில் இருபத்தைந்து சுருட்டு என்றால், அதில் ஒன்றைச் சுற்றியவனே பற்றவைத்துப் பெருவிரல் அளவுக்கு வரும் வரை பத்திப் பார்க்க வேண்டும். நேராக எரிந்தால் கட்டு வெளியே போகும். கோணினால் அதே கட்டில் இன்னொன்று. அதுவும் கோணினால் மற்றொன்று. சாதாரணச் சுருட்டில் நாலு இழுவையில் காரியம் முடிந்துவிடும். உங்கள் சுருட்டு ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சுருட்டு ஒரு பக்கமாக ஓடி எரிவதற்கும், உள்ளே குகை விழுந்து மேலிலை மட்டும் பச்சையாக நிற்பதற்கும், அடிக்கடி நூர்ந்து அணைந்து போவதற்கும் சுற்றுகிறவனின் கை காரணமாகலாம். ஆனால் உப்பும் காரணமாகலாம். உப்பு ஏறிய இலை ஈரத்தை விடாது, நெருப்பை ஏற்காது. இலையைப் பதமாக்கத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. உள்ளிலையைப் பிடி பிடியாக எடுத்து வைப்பதும் என் வேலை. கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகக் கடல் தண்ணீரைக் கோழி இறகால் தொட்டு, பிடியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தடவினேன். வெளியே ஒன்றும் தெரியாது. மேலிலையில் தடவினால் நாக்கில் உப்புக் கரிக்கும், ஆகவே அதைத் தொடவில்லை. சில நாள் உள்ளுக்குள் ஒரு தடித்த காம்பை விட்டுவைத்தேன், இழுப்பு அடைத்துக்கொள்ளும். சில நாள் மேலிலையைத் தகரக் கூரைக்குக் கீழே அதிகம் காயவிட்டேன், பாதி எரியும்போது வெடிக்கும். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

றஸாக் என்னைச் சந்தேகிக்கவில்லை. இலையைக்கூடச் சந்தேகிக்கவில்லை. அது தறிக்காரர் வளர்ப்பு. மருதமுனையில் சாரன் பிசகினால் நெய்தவன் நூலைக் குற்றம் சொல்லமாட்டான், சொன்னால் சிரிப்பார்கள். அவன் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடப்பக்கம் அமத்திப் புடிக்கிறன் போல, காக்கா."

"இரிக்கும் தம்பி. மத்ததையும் பத்திப் பாரு. ஒண்ட வெச்சி முடிவு சொல்லேலாது."

கொட்டிலில் மற்றவர்களுக்கு அது பகிடியாகிப் போனது. மசூர் என்றொருவன், வாய்க்காரன், ஒரு நாள் சொன்னான்: "மச்சான், நீ நெய்த சாரனச் சுருட்டிப் பத்தினாலும் இதவிட நேரா எரியும்." எல்லோரும் சிரித்தார்கள். றஸாக்கும் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அவன் எழும்பி வெளியே போய்த் துப்பிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினான். இலை அறையின் பின்கதவு அந்தப் பக்கம்தான். நான் பார்த்தேன்.

அவன் மனைவி சுல்பிகா ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு அந்தக் கதவடியில் வந்து நின்றாள். முக்காட்டின் நுனி வாயில் இருந்தது.

"காக்கா, இவருக்கு இருமலோட ரத்தம் வருது. ஒரு நாளைக்கி ஏழு எட்டுப் பத்துறார். இந்தப் பத்திப் பாக்கிற வேலய வேற ஆரும் செய்யேலாதா? நீங்க சொன்னா ஹாஜியார் கேப்பார்."

"நான் கதைக்கிறன் புள்ள. நீ அழாமப் போ."

கதைத்தேன். அன்றைக்கே கதைத்தேன். "சுத்தினவன் இரிக்க இன்னொருத்தன் முதல் தீ வெச்சா அது ஆர்ட சுருட்டு ஹாஜியார்? மோதிரத்தில ஒருத்தன்ட பேரு, வாயில இன்னொருத்தன்ட பொகை. முதலாளி கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். நான் சுல்பிகாவிடம் பொய் சொல்லவில்லை. கதைக்கிறேன் என்றேன், கதைத்தேன்.

நோன்பு மாதம் வந்தது. பகலில் பத்த முடியாது என்பதால் ஹாஜியார் உங்கள் சுருட்டு வேலையை முப்பது நாளுக்கு நிறுத்தினார். றஸாக் இரவில் தராவீஹ் தொழுகைக்கு வந்து போனான். மூன்றாம் கிழமை அவன் முகத்தில் நிறம் ஏறத் தொடங்கியது. பெருநாள் காலையில் பள்ளி வாசலில் கட்டித் தழுவினோம். என் காது அவன் நெஞ்சோடு இருந்தது. முன்பெல்லாம் கேட்கும் அந்தக் கரகரப்பு இல்லை. மூச்சு சுத்தமாக வந்து போனது. "ரத்தம் நிண்டுட்டு காக்கா. அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்றான்.

அப்போது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அதுவரை சந்தேகம் இருந்தது என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. எது அவனைக் கொல்கிறது, எதை விட்டால் அவன் பிழைப்பான் என்பதை அந்த மாதம் கணக்கைப் போலப் போட்டுக் காட்டிவிட்டது.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் கடற்கரைக்குப் போய் இரண்டு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் பத்துக் கட்டு நேராக எரிகிற சுருட்டு வராவிட்டால் இதை விட்டுவிடுவோம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். றஸாக் அந்த வரியை ஹாஜியாரிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். புயலில் போன வீட்டைக் கட்ட அவனுக்கு வேறு வழி இல்லை. காலையில் சுற்றுவான், பகலெல்லாம் பத்துவான். கிணற்றில் கடல் ஏறியிருக்குமோ என்று ஒரு நாள் அவனுக்கே ஒரு யோசனை வந்தது. "நல்ல யோசனை தம்பி" என்று சொல்லி, அடுத்த நாள் சாய்ந்தமருதிலிருந்து வேறு கிணற்றுத் தண்ணீர் எடுப்பித்தேன். அதையும் அவன் முன்னாலேயே தெளித்தேன். பிறகு உள்ளே கொண்டுபோய் இறகை எடுத்தேன்.

வேண்டாம் என்று முடிவு சொல்லி நீங்கள் அனுப்பிய கடைசிக் கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. தபால்காரன் என் கையில்தான் தந்தான். இலைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். வெள்ளி கழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஏன் வெள்ளி என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மோதிரம் இனி வராது, கொட்டிலின் மானத்துக்கு ஆபத்து இல்லை. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

வியாழக்கிழமை போத்தல் முடிந்திருந்தது. கடல் அன்று கொந்தளிப்பு. நல்ல தண்ணீர் தெளித்து, நல்ல இலையைக் கொடுத்தேன்.

பின்னேரம் றஸாக் இலை அறைக்கு ஓடி வந்தான். ஓடினான் என்று சொல்லக்கூடாது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். கையில் சுருட்டு. உள்ளங்கையைக் கீழே ஏந்திப் பிடித்திருந்தான், சாம்பல் விழாமல். இரண்டு விரற்கடைக்கு மேலே நின்றது. வெள்ளை.

"காக்கா, பாருங்க. நிக்கிது."

நான் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படி எரிந்த சுருட்டை நான் கண்டதில்லை. விளிம்பு மயிர் அளவும் பிசகவில்லை.

"இடப்பக்கம் கொஞ்சம் முந்தி ஓடுது தம்பி," என்றேன். "இன்னொண்டு பத்திப் பாரன்."

அவன் சுருட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் கண்ணை நம்பினான். தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்ததும் நேராக எரிந்தது. கொண்டுவந்து காட்டினான். அதிலும் ஓடுகிறது என்றேன். மஃரிபுக்கு முன், பொழுது சாய்வதற்குள், மொத்தம் ஐந்து கொண்டுவந்தான். கடைசி இரண்டையும் அவன் கையால் பற்றவைக்க முடியவில்லை. நெருப்புக்குச்சியை நான்தான் உரசிப் பிடித்தேன்.

வெள்ளி, ஜும்மாவுக்கு உளூச் செய்ய, கைகால் கழுவக் குனிந்தவன் எழும்பவில்லை. கிணற்றடி முழுக்க ரத்தம் என்று சொன்னார்கள். அசருக்கு அடக்கினோம். அவனைத் தூக்கிய சந்தூக்கின் முன்கால் ஒன்று என் தோளில்தான் இருந்தது. பாரமே இல்லை.

றஸாக்கைக் கொன்றது நான், முதலாளி. காசம் என்று டாக்குத்தர் எழுதினார், அவர் கண்டதை எழுதினார். வருடா வருடம் அவன் பேரில் கத்தம் ஓதும்போது சுல்பிகா முதல் சஹன் தட்டுச் சோற்றை எனக்குத்தான் அனுப்புகிறாள். தன் புருசனுக்காக ஹாஜியாரிடம் கதைத்த ஒரே ஆள் நான்தான் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. யன்னலோர இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது.

அந்த வியாழக்கிழமைக் கட்டில் இருபது மிஞ்சின. ஹாஜியார் எரித்துவிடச் சொன்னார். நான் எரிக்கவில்லை. தகரப் பேணியில் பூட்டி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒன்று எடுத்துப் பத்துகிறேன். பார்ப்பதற்குத்தான்.

இதோ, இந்த வருடத்துக்கு உரியது. உங்கள் முன்னால் பற்றவைக்கிறேன். உங்களுடையது இந்தத் தொழிலில் ஊறிய கண், அப்படி ஒருவரிடம் காட்டத்தான் இவ்வளவு நாள் ஆள் இல்லாமல் இருந்தேன். சாம்பல் நிற்கிறது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிட்ட வந்து பாருங்கள். வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன். இடது ஓரம் சற்று முந்தி ஓடுகிறது.

நன்றாகப் பாருங்கள், முதலாளி. ஓடுகிறதுதானே?